உஷார்! வெடி பட்ட இரும்பை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள்

செந்தூலில் பழைய இரும்பு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், வெல்டிங் பட்டறை நடத்துகிறவர்கள், வீட்டு முன்பக்கம் கூரை இழுக்க மலிவாகக் கம்பி கிடைக்குமா என்று தேடுகிறவர்கள், எல்லாரும் கையில் உள்ள வேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதைப் படித்துவிடுங்கள். வெடிமருந்து வெடித்த இடத்தை ஒட்டிக் கிடந்த இரும்பு நெளியாமல், கிழியாமல் முழுசாக இருக்கலாம். துருகூட ஏறியிருக்காது. ஆனால் அதன் உள்கட்டு மாறிப்போயிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. பாரம் ஏறுகிற நாளில்தான் தெரியும். அன்று அதன் அடியில் யார் நிற்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாலான் ஈப்போவை ஒட்டிய சந்து ஒன்றில் அண்மையில் நான் பார்த்த தகடுதான் இதை அவசரமாக எழுத வைத்தது. ஒரு அங்குலத் தடிமன். ஒரு முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆழமில்லாத பள்ளம். பள்ளத்தின் ஓரம் நீலமும் பழுப்புமாகத் தீய்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால், அதே இடத்தின் பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. புடைப்பைச் சுற்றித் தலைமுடி அளவில் ஒரு கீறல் பாதி வட்டமாக ஓடியது. அந்தத் தகட்டை நான்காக வெட்டி, துளை போட்டு, செயின் பிளாக் மாட்டும் காதுகளாக உத்தரத்தில் பற்றவைக்கப் போவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். லோரி எஞ்சினைத் தூக்கி இறக்கும் இடம் அது.

"எப்படிண்ணே இது இப்படிக் குழிஞ்சிருக்கு?" என்றேன்.

"குவாரிச் சாமான் தம்பி. வெடி வைக்கிறப்போ பக்கத்துல கிடந்துச்சாம். அதனால என்ன? வெடி அடிச்ச இரும்பு இன்னும் இறுகித்தானே போயிருக்கும்?"

இறுகியிருக்கும் என்று அவர் சொன்னது உண்மை. ஆபத்தும் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

இரும்பை வெடிவைத்து இறுக்குவது ஒரு தொழில்முறையாகவே இருக்கிறது. செந்தூல் ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர். கிராஸிங் என்றால் என்னவென்று இங்கே பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளம் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் அந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் தாவி விழுகிறது. சாதாரண எஃகு அங்கே தாக்குப்பிடிக்காது. அதனால்தான் 1882இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு அங்கே உட்கார்ந்தது. அதில் மாங்கனீசு 12, 13 விழுக்காடு இருக்கும். அடிபட அடிபட இறுகும். 1950களில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. அந்த வார்ப்பின் மேல் மெல்லிய வெடிமருந்துத் தாளை ஒட்டி வெடிக்கச் செய்து, ரயில் ஓடுவதற்கு முன்பே மேற்பரப்பை இறுக்கிவிடும் முறையைக் கொண்டுவந்தது. 200 சொச்சமாக இருந்த பிரினெல் கடினம் 350க்குப் பக்கத்தில் ஏறும்.

ஆனால் அங்கே எஃகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுகிய பிறகும் உடையாமல் இழுபடும் குணம் மாங்கனீசு எஃகுக்கு உண்டு. வெடிமருந்தின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வெடித்த பிறகு விரிசல் உண்டா என்று சோதிக்கிறார்கள். குவாரியில் பாறைக்கு வைத்த வெடி போகிற போக்கில் அடித்த மைல்ட் ஸ்டீல் தகட்டுக்கு இதில் எதுவுமே நடக்கவில்லை.

அந்தத் தகட்டிலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டை அறுத்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சில துளி கலந்த ஆல்கஹாலில் சில விநாடி நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால் என்ன தெரியும்? முதலில் நல்ல தகட்டைப் பாருங்கள். வெளுப்பான மணிகள் பல கோணங்களில் ஒன்றோடொன்று நெருக்கி உட்கார்ந்திருக்கும். அது ஃபெர்ரைட், கிட்டத்தட்டச் சுத்தமான இரும்பு. இடையிடையே கருத்த திட்டுகள் இருக்கும். அது பேர்லைட், கார்பன் சேர்ந்த கடின அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறிமாறி வந்தது. வெளுத்த மணிகளுக்குள் ஒன்றும் இருக்காது, வெறுமையாக இருக்கும். இப்போது வெடி பட்ட தகட்டைப் பாருங்கள். அதே வெளுத்த மணிகளுக்குள் ஊசியால் இழுத்ததுபோன்ற மெல்லிய நேர்கோடுகள் இணையிணையாகக் கிடக்கும். ஒரு மணியில் ஒரு சாய்வு, அடுத்த மணியில் வேறு சாய்வு. மணியின் எல்லையைத் தொட்டதும் கோடு நின்றுவிடும்.

அந்தக் கோடுகளுக்கு நியூமன் பட்டைகள் என்று பெயர். 1848இல் வானத்திலிருந்து விழுந்த இரும்புக் கல்லில் முதலில் கவனித்தார்கள். விண்வெளியில் கல்லும் கல்லும் மோதியதன் அடையாளம் அது. இரும்பை மெதுவாக வளைத்தால் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொண்டே போகும். அதற்கு நேரம் இருக்கிறது. வெடி அதிர்ச்சியில் நேரமே இல்லை. டி.என்.டி.யில் வெடிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 6,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. குவாரி வெடிமருந்து அதைவிட மெதுவானது என்றாலும் ஆயிரக்கணக்கான மீட்டர் கணக்குதான். ஒரு அங்குலத் தகட்டை அந்த அதிர்ச்சி அலை கடந்துவிட ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் நாலைந்து பங்குதான் ஆகும். நழுவ வழியில்லாத அணுக்கள் கூட்டமாக ஒரே திருப்பில் சாய்ந்துவிடுகின்றன. அந்தச் சாய்வுதான் கோடாகத் தெரிகிறது. ஒவ்வொரு கோட்டின் முனையும், அது மணியின் எல்லையில் முட்டி நிற்கும் இடமும், விரிசல் பிறக்கத் தோதான இடம்.

அழுத்தம் இன்னும் ஏறினால் நடப்பது வேறு. 13 ஜிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் மடங்கு, அதைத் தாண்டியதும் இரும்பின் அணு அடுக்கே வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பான்கிராஃப்டும் கூட்டாளிகளும் இதை 1956இல் வெளியிட்டார்கள். அதிர்ச்சி போனதும் இரும்பு பழைய அடுக்குக்கே திரும்பிவிடுகிறது. ஆனால் போய் வந்த தடம் மறைவதில்லை. மணிகள் உள்ளே நொறுங்கிப் பின்னிக் கிடக்கும்; கடினம் சில சமயம் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். வெடிமருந்து நேராக ஒட்டி வெடித்தால் இந்த அளவுக்குப் போகும். சற்றுத் தள்ளி வெடித்தால் கோடுகளோடு நிற்கும். இரண்டிலும் இரும்புக்குப் பலம் கூடியதுபோல் இருக்கும். நீண்டு, இழுத்து, "நான் போகப்போகிறேன்" என்று முன்கூட்டிக் காட்டும் குணம் போய்விடும். பாரத்தில் வளைந்து எச்சரிக்க வேண்டிய காது, வளையாமல் பட்டென்று விடும்.

இதைவிடப் பயங்கரமானது தகட்டின் வயிற்றுக்குள் இருக்கலாம். கேரம் பலகையில் காய்களை வரிசையாக ஒட்டி வைத்து ஒரு முனையில் சுண்டினால் மறுமுனைக் காய் மட்டும் தெறித்து ஓடும் அல்லவா, அதேதான். முன்முகத்தில் வெடி கொடுத்த அழுத்த அலை பின்முகத்தைத் தொட்டதும் இழுவிசையாகத் திரும்புகிறது. இரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இந்த இழுப்பை அந்த அளவுக்குத் தாங்காது. பின்பக்கத்துக்குச் சற்று உள்ளே, மேற்பரப்புக்கு இணையாக, தகடு இரண்டு அடுக்காகப் பிளக்கிறது. பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914லேயே எஃகுத் தகட்டில் வெடிவைத்துக் காட்டினார்: முன்பக்கம் வெறும் பள்ளம், பின்பக்கத்திலிருந்து ஒரு வட்டத் துண்டு பெயர்ந்து பறந்தது. துண்டு பறந்துவிட்டால் நல்லது, பார்த்தவுடன் தூக்கிப் போட்டுவிடுவோம். வெடி கொஞ்சம் குறைவாக இருந்தால் துண்டு பறக்காது. பிளவு உள்ளேயே நின்றுவிடும். வெளியே தெரிவது லேசான புடைப்பும் தலைமுடிக் கீறலும் மட்டும். சந்துப் பட்டறையில் நான் பார்த்தது அந்த அடையாளம்தான். அதில் துளை போட்டுச் சங்கிலி மாட்டினால், ஒரு அங்குலத் தகடு தாங்குகிறது என்று நாம் நினைப்போம். உள்ளே அது இரண்டு தனித் தகடு.

அப்புறம் நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. நெளிந்த இரும்பைக் கேஸில் சூடு காட்டி, சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது. அதிர்ச்சியில் உள்ளே நசுங்கிய மைல்ட் ஸ்டீலை 200, 300 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் கரைந்து கிடக்கும் கார்பனும் நைட்ரஜனும் ஓடிப்போய் நசுங்கிய இடங்களில் உட்கார்ந்து அணு வரிசைகளை நகர விடாமல் பூட்டிவிடும். இரும்பு மேலும் முறுகும். நீல நிறம் ஏறும் அந்தச் சூடுதான் மிக மோசமான சூடு. சூடு காட்டாமல் விட்டாலும், நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் இதே வேலை மெதுவாக நடக்கும். நைட்ரஜன் அதிகமுள்ள பழைய காலத்து எஃகில் இது இன்னும் வேகம்.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு தேவையில்லாத இடத்தில் பயப்படுவதும், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பதும் நடக்கிறது. வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்து வெடித்தால், மூடிய கலத்துக்குள்கூட அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 8, 9 மடங்குக்குப் பக்கத்தில்தான் ஏறும். சுவரும் கதவும் அதற்கு முன்பே போய்விடும். மேலே சொன்ன கோடுகள் எதுவும் இரும்பில் விழாது. அங்கே எதிரி சூடு. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து 30 மீட்டருக்கு மேல் தீ எழுந்ததை நம்மில் பலர் தூரத்திலிருந்தே பார்த்தோம். ஆயிரம் டிகிரியைத் தொட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வெப்பத்தில் கிடந்த காங்கிரீட் கம்பி வேறு விதத்தில் கெட்டுப்போகும். இன்றைய கம்பிகளுக்குப் பலம் வெளிவட்டத்தில் இருக்கிறது. ஆலையில் தண்ணீர் பீய்ச்சித் திடீரென்று குளிரவைத்து உண்டாக்கிய இறுகிய வளையம் அது. 600 டிகிரியைத் தாண்டிய தீயில் நெடுநேரம் வெந்தால் அந்த வளையம் இளகி, 500 தரக் கம்பி என்று நம்பி வாங்கியது அந்தத் தரத்தில் இருக்காது. தீயில் வெந்த கேஸ் தோம்பையும், காற்றுத் தொட்டியையும் பெயிண்ட் அடித்து மறுபடி ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

வெடிமருந்து அடித்த இரும்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கிருந்து வரும்? குவாரிகளிலிருந்து வரும்: துளையிடும் கம்பிகள், வாளிப் பற்கள், வெடி பக்கம் கிடந்த தகடுகள். சுரங்கப்பாதைக்குப் பாறை உடைக்கும் இடங்களிலிருந்து வரும். மூன்றாவது வழிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. அது நம் காலடி மண்.

1945 பிப்ரவரி 19 அன்று வங்காளத்தின் கரக்பூர் சுற்றுவட்டாரத் தளங்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் மத்திய ரயில்வே பழுதுபார்ப்புப் பட்டறையைக் குண்டு வீசித் தாக்கின. மார்ச் 10 அன்று மறுபடி வந்தன. அந்தப் பட்டறை செந்தூல் பட்டறைதான். ஜப்பான்காரர்களின் ரயிலை முடக்குவது அவர்கள் நோக்கம். கீழே இருந்தது தமிழர்களும் மற்றவர்களும் வேலை செய்த கூடங்கள், சுற்றி லயங்கள். கட்டடங்களில் பெரும்பகுதி நாசமானது. அந்தப் போரில் போட்ட குண்டெல்லாம் வெடித்துவிடவில்லை. பட்டறை வேலைகள் பத்து காஜாவுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய ரயில்வே நிலத்தைச் சுற்றி இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. தோண்டுகிறார்கள், தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

2017 நவம்பரில் சுங்கை பீசியின் பழைய விமானத் தள நிலத்தில் எம்.ஆர்.டி. கட்டுமானத்தின்போது இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்து, வங்காளதேசத் தொழிலாளர்கள் மூவர் காயமடைந்தார்கள். எழுபது வருஷம் மண்ணில் கிடந்த குண்டு நமத்துப்போயிருக்கும் என்று சொல்கிறவர்கள் அதை நினைத்துப் பார்க்கட்டும். டி.என்.டி. நமத்துப்போவதில்லை. அதைத் தட்டியெழுப்பும் ஃபியூஸ் பகுதி துருப்பிடித்து இன்னும் எளிதில் சீண்டக்கூடியதாக மாறியிருக்கும். 2004இல் டில்லிக்குப் பக்கத்தில் காஸியாபாத்தின் உருக்கு ஆலை ஒன்றில், வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய இரும்பில் கலந்து வந்த குண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். 2019இல் வந்த 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' படத்தில் பழைய இரும்பு லாரி ஓட்டுநரின் வண்டியில் ஒரு குண்டு ஏறிப் பயணம் போவதை நாம் தியேட்டரில் பார்த்தோம். அதில் கற்பனை குறைவு.

ஆகவே, மண் தோண்டும்போதோ பழைய இரும்புக் குவியலிலோ, ஒரு முனை கூம்பாக, மறுமுனையில் வால் துடுப்பு ஒடிந்த தடத்தோடு, அளவுக்கு மிஞ்சிய கனத்தில் உருளை ஒன்று தென்பட்டால் தொடாதீர்கள். புரட்டாதீர்கள். மண்ணைச் சுரண்டிப் போட்டோ எடுக்காதீர்கள். கேஸ் கட்டரை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு 999க்கு அழையுங்கள். எவ்வளவு வெள்ளி தேறும் என்ற கணக்கு அந்த இடத்தில் வேண்டாம்.

வெடித்து முடிந்த குண்டின் சிதறல்கள் வேறு விஷயம். அவை வெடிக்காது. ஆனால் மேலே விவரித்த எல்லாக் கேடும் உச்சத்தில் இருப்பது அவற்றில்தான். ஓரம் பிளேடுபோல் மெலிந்து சுருண்டிருக்கும். உடைந்த முகம் சில இடத்தில் பளபளவென்று சாய்வாக வழித்ததுபோல் இருக்கும். அங்கே இரும்பு ஒரு மெல்லிய பட்டையில் மட்டும் கணநேரத்தில் கடும் சூடாகி அறுந்திருக்கிறது. கனமான நல்ல எஃகு என்று உளி அடிக்கவோ கத்தி தட்டவோ எடுத்தால், சுத்தியல் பட்டதும் சில்லு கண்ணுக்கு வரும்.

அதே கோடுகளும் வழித்த முகங்களும் விசாரணைக்குச் சாட்சியாகவும் இருக்கின்றன. 1985 ஜூன் 23 அன்று 329 பேரோடு அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தின் துண்டுகளைக் கடலடியிலிருந்து எடுத்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முன் சரக்கறையில் குண்டு வெடித்தது என்ற முடிவுக்கு நீதிபதி கிர்பால் ஆணையம் வந்ததில் உலோகச் சான்றுக்கும் பங்கு உண்டு. நம் பக்கத்தில் எங்காவது வெடிப்பு நடந்தால், போலீசும் பொம்பாவும் கயிறு கட்டுவதற்குள் இரும்பைப் பொறுக்கி வண்டியில் ஏற்றுகிறவர்கள் உண்டு. யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்பதற்கான பதிலை அவர்கள் கிலோ கணக்கில் எடுத்துப்போகிறார்கள். அதை வாங்காதீர்கள். வாங்கினால் அந்தக் கடைக்குத்தான் தலைவலி.

சரி, பார்த்த கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது? தகட்டின் உட்பிளவு அல்ட்ராசோனிக் சோதனையில் உடனே சிக்கும். தலைமுடிக் கீறலுக்குச் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து வெள்ளைப் பொடி தூவும் சோதனை போதும். அந்தச் சாய டப்பா வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். மேற்பரப்புக் கடினத்தைப் பள்ளத்திலும், ஒரு முழம் தள்ளியும் அளந்தால், பெரிய வித்தியாசம் வந்தாலே விஷயம் புரிந்துவிடும். தாளில் கையெழுத்தோடு முடிவு வேண்டும் என்றால் ஷா ஆலாமில் சிரிம் தரச் சோதனை நிறுவனம் இருக்கிறது. அழுத்தக் கலம், தூக்கும் கருவி என்றால் பேச்சே இல்லை, வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியின் பதிவும் சோதனையும் இல்லாமல் ஓட்டவே கூடாது. சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் பழைய முறையை நான் மதிக்கிறேன், மழுங்கிய ஓசை கேட்டால் நிச்சயம் ஒதுக்குங்கள். ஆனால் கணீரென்று கேட்டது என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள். உள்ளே வெறும் கோடுகள் மட்டும் இருந்தால் ஓசை மாறாது.

900 டிகிரிக்கு மேல் உலையில் வைத்து ஆறவிட்டால் கோடுகள் அழிந்து புது மணிகள் பிறக்கும் என்பது உண்மை. அதைச் சொல்லி விற்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். விரிசலும் பிளவும் அந்தச் சூட்டில் ஒட்டாது. சாதாரணப் பட்டறையில் ஒரு முழுத் தகட்டையும் ஒரே சூட்டில் பிடித்துவைக்க வசதியும் கிடையாது. வெடி பட்ட இரும்புக்கு ஒரே வழி, திரும்ப உருக்குவது. உருகிவிட்டால் அதன் கதை முடிந்தது, புதிய இரும்புதான்.

எனவே வெடி பட்டது என்று தெரிந்தால், அல்லது பள்ளமும் நீலமும் புடைப்பும் பார்த்துச் சந்தேகம் வந்தால், அதைத் தகடாகவோ கம்பியாகவோ விற்காதீர்கள். முதலில் அது வெடிக்காத குண்டோ, வெடிமருந்து ஒட்டிய சாமானோ அல்ல என்று உறுதியாகட்டும். பிறகு யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்த முடியாத அளவுக்கு வெட்டி, உருக்கு ஆலைக்குப் போகும் குவியலில் தனியாகப் போடுங்கள். ஒவ்வொரு துண்டின் இரண்டு முகத்திலும் ஆரஞ்சு பெயிண்டில் குறுக்குக்கோடு இழுங்கள். லோரிக்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதுங்கள். ஏற்கெனவே உத்தரத்தில் பற்றவைத்துவிட்டவர்கள் அதில் இனி எதையும் தொங்கவிடாமல், இன்றைக்கே கீழே இறக்குங்கள்.